துணிக் கூடையில் மூன்று குட்டிகள்

மாசி 3, சனி

காலையிலேயே வெயில் உறைக்கிறது. மண்டியில் கடலைக்காய் வரத்து அதிகம். தூசி, இருமல், முதலாளியின் வாய். வாங்க வேண்டியது: விளக்கெண்ணெய், கிணற்றுக் கயிறு. செருப்பும் தைக்க வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சாம்பல் பூனை குட்டி போட்டிருக்கிறது. போட்ட இடத்தைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைக்கென்று பாவாயி துவைத்து மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணிக் கூடை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே போய்விட்டது, தை மாதம். கூடையை எடுத்துவிடு என்று மனைவியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மூலையிலேயே கிடந்தது. இந்த மூதேவிக்கு ஊரில் வேறு இடமே கிடைக்கவில்லை.

விரட்டக் குச்சியை எடுத்தேன். பா. எழுந்து உட்கார்ந்தாள்.

"உடுங்க. பெத்தவ அவ. எங்க போவா?"

பிள்ளை போன பிறகு அவளாகப் பேசிய முதல் பேச்சு.

மாசி 4, ஞாயிறு

கறுப்பு ஒன்று, சாம்பல் இரண்டு. கண் திறக்கவில்லை. எலிக்குஞ்சு மாதிரி இருக்கின்றன. பா. பால்சோறு பிசைந்து பூனைக்கு வைத்தாள். "தின்னு சாமி, தின்னாத்தான் ஊறும்" என்று அதனோடு பேச்சு. அது தின்பதைப் பார்த்துக்கொண்டே தானும் இரண்டு வாய் தின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொல்லைப்பக்கம் போய் நின்றேன். வெட்கங்கெட்ட ஆம்பளை.

எதிர்வீட்டு நல்லம்மாள் வந்தாள். பால் கட்டிக்கொண்டு வலிக்கிறது என்று பா. சொன்னதற்கு, மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னாள். "வத்திப் போயிரும், பொறுத்துக்க அம்மிணி." போகும்போது கூடையைப் பார்த்து முகம் சுளித்தாள். யார் கேட்டார்கள் இவளை.

கூரைமேல் கடுவன் பூனை நடமாட்டம். குட்டிகளைக் கடித்துப் போட்டுவிடும். ஜன்னலுக்குச் சாக்கு அடித்தேன். சுத்தியல் விரலில் பட்டு நகம் கறுத்துவிட்டது. பா. சிரித்தாள். போகட்டும், நகம்தானே.

மாசி 6, செவ்வாய்

எலி விழுந்துவிட்டது. நல்லம்மாள் அடுப்படியில் ஒன்று, தெருக்கோடியில் ஒன்று, தானாகச் செத்து. அதற்குமேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பிளேக். நாளைக்குள் ஊர் காலி. எல்லோரும் மேட்டுக்காட்டில் குடிசை போட்டுக்கொள்ள வேண்டியது. அண்ணன் மூங்கிலும் சோளத்தட்டும் வண்டியில் ஏற்றிவிட்டார்.

மாசி 7, புதன்

கிளம்பினோம். ராகி மூட்டை, சட்டி, பாய், விளக்கு, அரிவாள். பா. வேறு எதையும் தொடவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பின்னாலேயே பூனை, கத்திக்கொண்டு.

அண்ணன் வாசலிலேயே மறித்தார். "எலி தின்கிற சீவன எங்க கொண்டார்ற? அத்தன பேரு உசுரையும் வாங்கறதுக்கா? எறக்கி வெய்யி அம்மிணி."

அண்ணன் சொன்னது நியாயம். அவள் கையிலிருந்து கூடையைப் பிடுங்கி உள்ளே வைத்தது நான்தான்.

"பசிக்குமுங்க அதுக்கு. பால் குடுக்கறவ."

"நான் தினமும் வந்து வைக்கிறேன்."

"எம்மேல சத்தியமா?"

"உன்மேல சத்தியம்."

மாசி 9, வெள்ளி

காட்டில் காற்று. கஞ்சியிலும் மண். ராகி மூட்டையில் கரையான் ஏறியிருக்கிறது, பார்க்க வேண்டும்.

ஊருக்குள் யாரும் போகக்கூடாது என்று தலையாரி காவல். மண்டிச் சாவியை மறந்துவிட்டேன் என்று சொல்லிப் போனேன். நாளைக்கு என்ன சொல்வதோ. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. ஜில்லா போர்டு ஆட்கள் கூரை ஓடுகளைப் பிரித்துவிட்டார்கள், நோய் சாக வெயில் விழ வேண்டுமாம். வீடு வானம் பார்க்கக் கிடக்கிறது. பாலை ஊற்றினேன். பூனை காலைச் சுற்றியது. உதறினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே ஓட்டம். பயம். சொல்லவே அசிங்கமான பயம்.

வந்ததும் பா. கேள்விமேல் கேள்வி. "துணி நனைஞ்சிருக்குதுங்களா? வெயில் மேல படுதா? கூடைய நெழலுக்கு மாத்துனீங்களா?"

மாற்றினேன் என்றேன். தொடவே இல்லை.

நல்லம்மாள் புருஷன் போய்ச் சேர்ந்தார். காய்ச்சல், நெறி கட்டியது, மறுநாளே முடிந்துவிட்டது. தூக்க ஆள் வரவில்லை. நானும் போகவில்லை.

மாசி 12, திங்கள்

பூனை செத்துக் கிடக்கிறது. கூடைக்குள்ளேயே, குட்டிகளுக்கு வயிற்றைக் காட்டியபடி. வெளியே பாதி தின்ற எலி.

குட்டிகள் உயிரோடு. மூன்றும். செத்த மடியை முட்டிக்கொண்டு கத்துகின்றன.

நிலைப்படியிலேயே நின்றேன். நாலு எட்டு வைத்திருந்தால் எடுத்திருக்கலாம். எடுத்து எங்கே கொண்டுபோவது, அண்ணன் விடுவாரா, இதெல்லாம் வழியில் யோசித்துக் கண்டுபிடித்த நியாயம். அந்த நிமிஷம் பயம் மட்டும்தான். பால் செம்பை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தேன்.

பா. காட்டுவழியிலேயே காத்துக்கொண்டிருந்தாள். "பூனையைக் காணோம். குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டது. குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாற்றும், தெரியாதா?" என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது பொய்!

நம்பினாள். முகமே தெளிந்துவிட்டது. "புத்திசாலி அவ. ஓடு இல்லாத ஊட்ல வெச்சிருந்தா புள்ளைங்க தாங்குமா?"

சோறு இறங்கவில்லை. கத்தின சத்தம் காதிலேயே இருக்கிறது. நாளை போய் எடுத்துவிட வேண்டும். யார் என்ன சொன்னாலும்.

மாசி 13, செவ்வாய்

போகவில்லை.

மாசி 14, புதன்

காலையில் பா.வைக் காணோம். சுள்ளி பொறுக்கப் போயிருக்கிறாள் என்றார்கள். வெயில் ஏறியும் வரவில்லை. மத்தியானத்துக்குமேல் தலையாரி கூட்டிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்க, உங்க சம்சாரம் ஊடு ஊடாப் பூந்து தேடிட்டிருக்குதுங்க. சாமி, சாமின்னு கூப்புட்டுக்கிட்டு. எழவு உழுந்த ஊட்டக்கூட உடுலீங்க."

பூனை எந்த வீட்டுக்கு மாற்றியது என்று பார்க்கப் போனாளாம். ஒரு வீடு விடாமல் நுழைந்து, கடைசியாக நம் வீடு.

என்னிடம் தனியாகத்தான் சொன்னாள். குரல்கூட உயரவில்லை.

"கூடையிலயே இருந்துச்சுங்க எல்லாம். கறுப்புக் குட்டி மட்டும் உசுரா இருந்துச்சு. துணியத் திரியா முறுக்கிப் பால்ல நனைச்சு வெச்சேன். சப்புச்சுதுங்க."

"பாலுக்கு எங்கே போனாய்?" மடையன். கேட்கிற கேள்வியா?

"எங்கிட்டத்தான் இருக்குதுங்களே."

அது அடங்குகிறவரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தாளாம். கண் பாதி திறந்திருந்ததாம். பிறகு தாயோடு சேர்த்துப் புதைத்திருக்கிறாள், கையாலேயே.

அண்ணன் கத்தித் தீர்த்தார். சேலையை எரித்து, சுடுதண்ணீர் ஊற்றினார்கள். யார் பொய்யை நம்பி ஊருக்குள் போனாள் என்று அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. என் முகத்தில் காறித் துப்பியிருக்கலாம். நிம்மதியாக இருந்திருக்கும்.

மாசி 15, வியாழன்

கயிறு திரித்தேன். ராகியைக் காய வைத்தேன். பா. கஞ்சி ஊற்றி, "உப்புப் போதுங்களா?" என்று கேட்டாள். போதும் என்றேன். வேறு ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போதும் என்றுதான் மறுபடி வந்தது.

மாசி 17, சனி

பா.வுக்குக் குளிர்காய்ச்சல். காலையிலிருந்து காலை இழுத்து இழுத்து நடந்தாள். முள் குத்திவிட்டது என்றாள். தொடை இடுக்கில் நெறி. கடவுளே, எனக்குக் கொடுத்திருக்கக்கூடாதா? எனக்கு ஒன்றும் இல்லை. கல்லு மாதிரி இருக்கிறேன், பசிக்கிறது வேறு.

காட்டுக் கடைசியில் தனிக் குடிசை போட்டார்கள். பாயை அவளே சுருட்டி எடுத்துக்கொண்டு நடந்தாள். அண்ணன் அழுதார்.

மாசி 18, ஞாயிறு

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். கஞ்சி காய்ச்சினேன், அடிப்பிடித்துவிட்டது, மறுபடி காய்ச்சினேன். கொண்டுபோனேன். இன்றைக்கு உள்ளே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டிவிடுவது என்றுதான் போனேன். நிஜம். இங்கே யாருக்குப் பொய் சொல்லப் போகிறேன்?

படலைத் தள்ளினேன். திரும்பிப் பார்த்தாள். கண் இரண்டும் சிவப்பு.

"உள்ள வராதீங்க. அங்கயே வெச்சுட்டுப் போங்க. உங்களுக்குப் பயமா இருக்குமுங்க."

குத்திச் சொல்லவில்லை. எனக்காகத்தான் சொன்னாள்.

வைத்துவிட்டு வந்துவிட்டேன்.