பாவாயிக்கு, கட்டிதட்டிய சூப்பைப் பற்றி

என் பாவாயிக்கு,

உனக்கு எழுத்து தெரியாது. ஓமலூரில் கட்டிக்கொடுத்த நம் மகள் பொன்னி கடுதாசி போட்டால் நான் வாசிப்பேன், நீ அடுப்பைப் பார்த்தபடி கேட்பாய். முடித்ததும் "மறுக்கா படிங்க" என்பாய். இதையும் அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுதி முடித்து உரக்க வாசிக்கிறேன், கேட்டுக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. நம் செவலைப் பசு கன்று ஈன்றிருக்கிறது, கிடாரி. யுத்தம் வந்ததிலிருந்து மண்ணெண்ணெய் கிடைப்பதே பெரும்பாடு, பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்தாக வேண்டும். மார்கழிப் பனியோ இந்த வருஷம் கொட்டுகிறது. கொல்லிமலைப் பக்கமிருந்து வரும் காற்றில் பல் தந்தியடிக்கிறது. நீ இருந்தால் என் தலையில் துண்டைக் கட்டிவிடுவாய், நான் அவிழ்த்து எறிவேன், நமக்குள் ஒரு சண்டை நடக்கும். இப்போது நானே கட்டிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். சிரிக்காதே. நேற்றுச் சாயங்காலம் ஆட்டையாம்பட்டியிலிருந்து என் அக்கா, உன் நங்கையாதான், வண்டி கட்டிக்கொண்டு வந்து இறங்கினாள்.

"ஒலை வெக்க ஆளில்லாத ஊட்டுல எத்தன நாளைக்குடா இருப்ப சாமி? அடக்கமான பொண்ணு. தையில முடிச்சுப்போடலாம்."

"பொண்ணுக்கு என்ன வயசுங்கக்கா?"

அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "நம்ம பொன்னிய விட ஒரு ரெண்டு வயசு சின்னதா இருக்கும்."

பெற்ற மகளைவிட இளையவள்! எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. ஆனால் அம்மா செத்த பிறகு என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் சொல்லை நான் தட்டியதில்லை, அது உனக்கும் தெரியும், அதற்காக நீ முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டதும் எனக்குத் தெரியும். வாயால் மறுக்கத் தைரியமில்லை. அதனால் அடுப்பைப் பற்றவைத்தேன். என் கையால் ஆக்கிப் போட்டுவிட்டால், உலை வைக்க ஆளில்லை என்ற பேச்சு தானே அடங்கிவிடும் அல்லவா?

இந்தக் குளிருக்கு உன் காய்கறி சூப்புதான் சரி என்று பட்டது. எனக்கு விஷக் காய்ச்சல் வந்தபோது சேலத்து ஆஸ்பத்திரியில் நர்சம்மாவிடம் கேட்டு நீ கற்றுக்கொண்டு வந்தது. நீ வைப்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறேன், இது என்ன பிரமாதம் என்று இறங்கினேன். சுரைக்காய், அவரைக்காய், ஒரு முருங்கைக்காய், சின்ன வெங்காயம், தக்காளி எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டேன். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டதும் வாசனை கிளம்பியது. ஒரு நிமிஷம் நீயே உள்ளே இருப்பதுபோல இருந்தது, பாவாயி.

சூப்பு கெட்டியாவதற்குக் கடைசியில் நீ கொஞ்சம் ராகி மாவு சேர்ப்பாய். அங்கேதான் கெட்டேன். ராகி மாவு என்றால் நமக்குக் களிதானே? கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டுவதைத்தானே பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்? அப்படியே கொட்டினேன். துடுப்பையும் போட்டு ஒரு கிண்டு கிண்டினேன். மாவு கோலிக்குண்டு கோலிக்குண்டாகத் திரண்டுகொண்டது, முருங்கைக்காய் நார் நாராய்ப் போனது.

அக்கா எட்டிப் பார்த்தாள். "இதென்னடா, சூப்பா களியா?" விழுந்து விழுந்து சிரித்தாள். என் கையாலேயே அவள் பக்கத்தை ஜெயிக்கவைத்ததுபோல் ஆயிற்று. தை மாதமும் அந்தச் சின்னப் பெண்ணும் கண்முன்னால் வந்து நின்றார்கள். இருந்தாலும் உன் வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றி அக்காவின் முன்னால் வைத்தேன்.

"சூட்டோட குடிங்கக்கா."

ஒரு வாய் குடித்தாள். ஒரு கட்டியை மென்றாள். அவளுடைய வெள்ளைச் சேலை முந்தானை கண்ணுக்குப் போனபோதுதான் அழுகிறாள் என்று தெரிந்தது.

"உப்புப் பத்தலீங்களா?"

"அதில்லடா. உன்ற மச்சான் போனப்ப எனக்கும் பொன்னி வயசுதான். எனக்கு ஒலை வெக்க ஆள் வேணும்னு யாராச்சும் தேடுனாங்களா? காச்சல்ல கெடந்தப்பவும் நாந்தான் எந்திரிச்சு அடுப்பு மூட்டுனேன். ஒரு ஆம்பள கையால ஊத்தி, நா உக்காந்து குடிக்கறது இன்னிக்குத்தான் சாமி."

நம் வீட்டுக்கு வந்தால்கூட உன்னை நகர்த்திவிட்டு அவள்தானே கரண்டியைப் பிடிப்பாள்? நீயும் முணுமுணுப்பாய். கூடப்பிறந்த நான் அவளுக்காக ஒரு நாளும் இதை நினைத்துப் பார்த்ததில்லை. நீ நினைத்தாயா? நான் முந்திப் போயிருந்தால் உனக்கும் அந்த வெள்ளைச் சேலைதானே?

அக்கா கிண்ணத்தை நீட்டினாள். "இன்னுங் கொஞ்சம் ஊத்து. அந்தப் பொண்ணோட அப்பங்கிட்ட வேண்டாம்னு நானே சொல்லிப்போடறேன். அது வயசுக்கேத்தவனாப் பாத்துக் கட்டிக்கட்டும்."

இன்று காலை வண்டி ஏறும்போது என் தலையில் குட்டி, "மாவப் பச்சத் தண்ணில கரைச்சு ஊத்தோணும்டா, மக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனிமேல் கரைத்தே ஊற்றுகிறேன். உன் அடுப்புக்கு இன்னொருத்தி வரமாட்டாள், நானே மூட்டிக்கொள்கிறேன். அக்கா எப்போது வந்தாலும் கரண்டி என் கையில்தான் இருக்கும், அவள் உட்கார்ந்திருப்பாள். இது சத்தியம், பாவாயி. மறுக்கா படிக்கச் சொன்னால் மறுக்கா படிக்கிறேன்.

கடைசிவரை பேர் சொல்லாமல் நீ கூப்பிட்ட,
பொன்னியின் அப்பன்.