ஒன்பதாவதில் இருந்தவர்கள்

மே 19, திங்கள்
பத்தாம் வகுப்பு முடிவுகள் வந்துவிட்டன. எங்கள் கல்வி அலுவலகத்தின் கீழ் உள்ள ஏழு அரசுப் பள்ளிகளையும் தேர்ச்சி சதவீதப்படி வரிசைப்படுத்தி, வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர்கள் கூட்டத்துக்கு நான் அட்டவணை தர வேண்டும். முதலிடத்துக்குப் பச்சை, கடைசிக்குச் சிவப்பு. அதிகாரி தினகரன் சாரின் கல்விக் கொள்கை அவ்வளவுதான்.

பைபாஸ் சாலைப் பள்ளி நூறு சதவீதம். தலைமையாசிரியர் ராஜசேகரன் பால்கோவா டப்பாவுடன் வந்தார். "இன்னா பாப்பா, நம்ம ஸ்கூல் பேர கொஞ்சம் பெருசா போடு. கண்ணு தெரியாதவன்கூட படிக்கணும்."

பால்கோவா மட்டும் நன்றாக இருந்தது.

மே 20
கடைசி, ஏரிக்கரைப் பள்ளி. எழுபத்தாறு. தலைமையாசிரியை ஷரீஃபுன்னிசா மேடத்தை நிற்கவைத்தே பேசினார் சார். "அவருக்கு நூறு வருது. உங்களுக்கு மட்டும் இன்னா மேடம் கஷ்டம்? வெள்ளிக்கிழமை பதில் சொல்லுங்க. இல்லன்னா டிரான்ஸ்ஃபர்தான்."

"எங்கிட்ட யாரு வந்து சேர்றாங்கன்னு பாத்தீங்களா சார்?"

சார் செல்போனைப் பார்த்தார்.

மே 21
நான் பார்த்தேன். பைபாஸ் பள்ளியில் போன ஆண்டு ஒன்பதாவதில் நாற்பத்து மூன்று பேர். இந்த ஆண்டு பத்தாவது எழுதியது முப்பத்திரண்டு. பதினோரு பேர் ‘பெற்றோர் விருப்பப்படி’ டிசி வாங்கிப் போனார்களாம். பதினோரு பெற்றோரின் கடிதமும் ஒரே கையெழுத்து, ஒரே பச்சை மை! பச்சை மை தலைமையாசிரியர் பேனாவில்தான் இருக்கும். அந்தப் புத்திகூடவா இல்லை?

அவர்களில் ஒன்பது பேர் ஏரிக்கரையில் சேர்ந்திருக்கிறார்கள். ஆறு பேர் தவறினார்கள், மூன்று பேர் தேறினார்கள். அந்த மூன்றுக்கு எந்த நிறம் அடிப்பது?

ஒன்பதாவதில் கணக்கில் நான் பதினெட்டு மார்க். எனக்கும் இப்படி ஒரு கடிதம் எழுதி நீட்டியிருந்தால், அம்மா கும்பிட்டுக் கைநாட்டு வைத்திருப்பாள்.

மே 22
சொல்ல வேண்டும். சொல்கிற ஆளா நான்? டீ வேண்டுமா என்று கேட்டாலே தலையைத்தான் ஆட்டுவேன்.

மே 23
வாயைத் திறக்கவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் சேர்த்துத் திரையில் போட்டேன்: ‘ஒன்பதாவதில் இருந்தவர்கள்’. பைபாஸ் வரிசையில் 43. பக்கத்தில், எழுதியவர்கள் 32.

பின்வரிசையில் யாரோ, "இன்னா ராஜசேகரன், மீதி பதினோரு பேரு எங்க கீறாங்க?"

"டைப்பிங் மிஸ்டேக்" என்றார்.

"மிஸ்டேக் இல்ல சார். ஒம்பது பேரு எங்கிட்டதான்" என்றார் மேடம், இந்த முறை உட்கார்ந்தபடியே.

டிரான்ஸ்ஃபர் பேச்சு அதன்பின் எழவில்லை. முதலிடத்துக்கான கேடயம் மட்டும் பைபாஸுக்கே. பெயர் ஏற்கெனவே பொறித்தாகிவிட்டதாம்.

ஜூன் 11
இனி ஒன்பதாவது எண்ணிக்கையும் கட்டாயம் என்று சார் சுற்றறிக்கை விட்டிருக்கிறார், தானே கண்டுபிடித்ததுபோல.

இன்று பைபாஸ் பள்ளியிலிருந்து டிசி கடிதக் கட்டு வந்தது. பதினான்கு பெற்றோருக்குத் திடீர் விருப்பம். எல்லாப் பிள்ளைகளும் எட்டாவது முடித்தவர்கள். இந்த முறை நீல மை.

அட்டவணையைத் திறந்து இன்னொரு கட்டம் சேர்த்தேன்.