ஆறு வாசலுக்கு ஒரு கட்டுரை

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். ஊரிலுள்ள லிஃப்ட்டுகள் மட்டும் வழக்கம்போல நலமில்லை. அதனால்தான் எனக்குப் பிழைப்பு ஓடுகிறது. இப்போது நான் சொல்லப்போகும் கதையை ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று என் ஸ்பேனர்மேல் ஆணையிட்டு உறுதி கூறுகிறேன்.

அதற்கு முன் உன் வழக்கு. விடுதியில் தண்ணீர் நின்றுபோன மூன்று நாளில் நீ வாளி வரிசை அமைத்ததையும், முதல் நாள் அது அடிதடியில் முடிந்ததையும் சேர்க்கை விண்ணப்பத்துக்கான கட்டுரையாக எழுதி, ஆறு கல்லூரிகளுக்கும் அதையே அனுப்பப் பார்க்கிறாய். அது ஏமாற்று வேலை, ஆறும் புதிதாக எழுது என்று என் அக்கா, அதாவது உன் அம்மா, பிடிவாதம் பிடிக்கிறாள். வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீ போனில் அழுததாகக் கேள்வி.

அழாதே. அந்த மூன்று நாளை நீ ஒரு தடவைதானே வாழ்ந்தாய்? ஆறு தடவை வாழ்ந்ததாக எழுதினால்தான் பொய். தோல்வியைப் பற்றிக் கேட்கும் கல்லூரிக்கு முதல் நாள் அடிதடியை முன்னால் வை. தலைமைப் பண்பைக் கேட்பவர்களுக்கு மூன்றாம் நாளை வை. தண்ணீர் ஒன்றுதான்.

இனி கதை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பத்து மாடி ஹோட்டலில் ஒரு லிஃப்ட், நாலு மாடி ஆஸ்பத்திரியில் ஒரு லிஃப்ட். ஒரே கம்பெனி, ஒரே மோட்டார். எதற்கு இரண்டு முறை அளப்பது என்று ஹோட்டல் அளவையே ஆஸ்பத்திரிக்கும் வைத்துவிட்டேன். அந்த லிஃப்ட்டுக்கு ஹோட்டல் திமிர் ஏறிவிட்டது. நாலாவது மாடியில் நிற்க மறுத்து, கூரையைத் தொப்பிபோலத் தூக்கிக்கொண்டு ஒன்பதாவது மாடிக்கே போனது. உள்ளே இருந்த டாக்டர் மேகத்தில் இறங்கி, இரண்டு பருந்துகளுக்குச் சளி மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம்தான் திரும்பினார். இல்லாத மாடிக்கு அனுமதி வாங்கவில்லை என்று நகராட்சி நோட்டீஸ் ஒட்டியது. கீழே வந்தபோதும் லிஃப்ட் தரையோடு நிற்கவில்லை. அரை அங்குலம் மேலே நின்றது. எங்கள் தலைமை மெக்கானிக் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மோட்டார் ஒண்ணா இருக்கட்டும்டா, வாசல் ஒண்ணா? ஒவ்வொரு வாசலுக்கும் நீதான் குனிஞ்சு அளக்கணும். தொரைக்கு இடுப்பு வலிக்குதோ?"

நீ எனக்கு அனுப்பிய ஆறு பிரதிகளையும் படித்தேன். ஐந்தில் கடைசிப் பத்தியை அந்தந்தக் கல்லூரிக்கென்று இழைத்து வைத்திருக்கிறாய். ஆறாவது, நம் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருக்கும் கல்லூரி. அதற்கு மட்டும் வேறொரு கல்லூரிக்கு எழுதிய பத்தியையே ஒரு வரியும் மாற்றாமல் வைத்திருக்கிறாய். அவர்களுடைய நீரியல் ஆய்வுக்கூடத்தைப் புகழ்ந்திருக்கிறாய். அங்கே லிஃப்ட் பார்ப்பவன் நான்; அப்படி ஒரு கூடமே அங்கே கிடையாது. உனக்கு அங்கே சேர மனமில்லை என்று புரிந்துகொண்டேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. வேண்டாமென்றால் அனுப்பாதே. அனுப்பினால் அளந்து அனுப்பு. என்ன இருக்கிறது என்று கேள், மாடி மாடியாகச் சொல்கிறேன்.

பருந்து பொய், மேகம் பொய், நோட்டீஸும் பொய். அரை அங்குலம் மட்டும் நிஜம். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த உன் அம்மாதான் அதில் தடுக்கி விழுந்தாள். முழங்காலில் நாலு தையல். என் வேலை போய்விடக் கூடாதென்று, வீட்டுப் படியில் விழுந்ததாகத்தான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறாள்.

எங்கே சேர்ந்தாலும் நன்றாக இரு, கண்ணு. வெள்ளிக்கிழமைக்கு முன் அவளுக்கு ஒரு போன் போடு.

உன் பிரியமுள்ள,
மாமா