சம்மதம் எழுதிக் கொடுத்தவள்

கல்வராயன் மலை
14.3.2008

அன்புள்ள மாமாவுக்கு,

சாமியம்மாள் எழுதுவது. நானும் நம் பிள்ளை செவ்வந்தியும் சுகம். கடலூர் ஜெயிலில் சோறு எப்படி, கொசு கடிக்கிறதா, எழுதுங்கள்.

அன்றைக்கு நடந்ததை ஆளுக்கொரு விதமாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நீங்கள் மரவள்ளி ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போன பிறகு எஸ்.ஐ.யும் ஒரு பெண் போலீசும் வந்தார்கள். காட்டில் துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். முதலில் பக்கத்து வீட்டு சாலம்மாளிடம் போனார்கள். "ஆம்பள இல்லாத வூட்ல உங்களுக்கு இன்னா வேலை?" என்று கத்தினாள். திரும்பிவிட்டார்கள். என்னிடம் வந்து, "வூட்ட சோதனை போடணும், சம்மதமாம்மா? இல்லன்னா கோர்ட்டு உத்தரவோட வரோம்" என்றார் எஸ்.ஐ. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "தாராளமா பாருங்க சார்" என்று காகிதத்தில் கையெழுத்தும் போட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொன்னேன், கழற்றினார்கள்.

விதைச் சாமை கொட்டி வைத்த தானியக் குதிருக்குப் பக்கத்தில் மட்டும் தொடாமல் நின்றார்கள். சாணி பூசி மூடிய குதிரின் வாயை விதைப்பு அன்றைக்கு ஆம்பளைதான் திறக்க வேண்டும், நான் கை வைத்ததே கிடையாது. ஆனாலும், "ஒடச்சிப் பாத்துக்குங்க சார், அப்புறம் சந்தேகம் வாணாம்" என்று நானே சொன்னேன். சாமைக்கு நடுவில் சாக்கு சுற்றித் துப்பாக்கி இருந்தது. சாயங்காலம் கள்ளக்குறிச்சியிலிருந்து திரும்பி ஜீப்பை விட்டு இறங்கிய உங்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

போன வருசம் ஊரே லைசென்ஸ் இல்லாத துப்பாக்கிகளைப் போலீசில் ஒப்படைத்தபோது நீங்களும் ஒப்படைத்துவிட்டதாகத்தானே சொன்னீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் சாமியம்மாள்

*

கடலூர்
2.4.2008

அன்புள்ள சாமிக்கு,

உன் மாமன் சக்கரவர்த்தி எழுதுவது. சோறு பரவாயில்லை, சாம்பார்தான் தண்ணி. செவ்வந்தியை வெயிலில் அலைய விடாதே.

அது அப்பாவுடைய துப்பாக்கி. கொடுக்க மனசு வரவில்லை. அதற்குப் பதிலாக ஓட்டைத் துப்பாக்கிக் குழாய் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தேன். பன்றி வந்து மரவள்ளியைத் தோண்டினால் விசில் ஊதியா விரட்டுவது? அது கிடக்கட்டும். சாலம்மாளுக்கு இருக்கிற சாமர்த்தியம் உனக்கு இல்லையே! வந்தவர்களை வாசலோடு அனுப்புவதை விட்டு, வெற்றிலைபாக்கு வைத்து அழைத்திருக்கிறாய்.

வக்கீல் ஜாமீன் வாங்கிவிட்டார். பட்டா உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஊர்க்கவுண்டரையும் சின்னராசு அண்ணனையும் போய்க் கேள்.

அன்புடன்,
சக்கரவர்த்தி

*

கல்வராயன் மலை
20.5.2008

அன்புள்ள மாமாவுக்கு,

கையெழுத்துப் போட யாரும் வர மாட்டார்கள். நம் வீட்டில் எடுத்த பிறகு போலீசார் உத்தரவோடு வந்து எல்லா வீட்டையும் சோதித்தார்கள். இன்னும் மூன்று கிடைத்தது. சாலம்மாளின் வீட்டுக்காரரும் உங்களோடு அங்கேதானே இருக்கிறார். ஊர்க்கவுண்டர் கூட்டம் போட்டு என்னோடு யாரும் பேசக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்துவிட்டார். நான் போய்க் களை வெட்டிக் கொடுத்த வீட்டிலிருந்துகூட மாற்றாள் வருவதில்லை. குழாயடிக்கு நான் போனால் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

சாலம்மாள் மட்டும் பேசினாள், திட்டுவதற்காக. துப்பாக்கிகளை ஒப்படைத்த அன்று, ஆம்பளை சத்தியத்தை எவன் நம்புவான் என்று வீட்டுக்கு ஒரு பொம்பளையை மாரியாயி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்களே, அதைப் பற்றித்தான். "எங்க வூட்டுக்காரரு மொதல்லயே சொல்லிட்டாரு. ஆத்தா மன்னிச்சிக்கோன்னு மஞ்சத் துணியில காசு முடிஞ்சி வெச்சிட்டுத்தான் அணைச்சேன். அந்த மூணு வூட்லயும் அப்படித்தான். உனுக்கு மட்டும் தெரியாதாடி? யாருகிட்ட கதை வுடற?" என்றாள்.

எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியாது. "எங்க வூட்ல துப்பாக்கி இல்ல தாயே" என்று நான் சூடத்தை அணைத்தபோது நீங்கள் பக்கத்தில் செவ்வந்தியைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள். ஏன் மாமா சொல்லவில்லை?

சாமியம்மாள்

*

கடலூர்
15.6.2008

அன்புள்ள சாமிக்கு,

தெரிந்திருந்தால் நீ சூடம் அணைத்திருப்பாயா? உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதா. அதனால்தான் சொல்லவில்லை. இதைப்போய்ப் பெரிதாகப் பிடித்துக்கொண்டிருக்கிறாயே.

இப்போது வேலையைப் பார். வக்கீல் ஒரு வழி சொல்கிறார். நீ கோர்ட்டில் ஏறி, "நான் சம்மதம் குடுக்கல, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்க, துப்பாக்கிய அவங்களே கொண்டாந்து வெச்சாங்க" என்று சொன்னால் கேஸ் நிற்காதாம். நம் கேஸ் உடைந்தால் மற்ற மூன்றும் உடையும், ஊர்க் கட்டுப்பாடும் போகும். ஒரே ஒரு வார்த்தைதான். கள்ளக்குறிச்சியில் விசாரணை அன்றைக்கு நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வா.

உன் சக்கரவர்த்தி

*

கல்வராயன் மலை
3.7.2008

மாமாவுக்கு,

நீங்கள் எழுதியது சரிதான். தெரிந்திருந்தால் அணைத்திருக்க மாட்டேன். இப்போது தெரியும்.

அந்த எஸ்.ஐ. மரியாதையாகக் கேட்டார், நான் சரி என்றேன். நடந்தது அவ்வளவுதான். என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். ஏற்றினால் இதைத்தான் சொல்வேன். உங்களுக்குத் தண்டனை வரும் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

விதைப்புக்குப் போலீசார் கொட்டிய சாமையையே அள்ளி வைத்திருந்தேன். ஏர் பிடிக்க ஆள் வரவில்லை. கஞ்சிக்கு எடுத்துக்கொண்டேன்.

சாமியம்மாள்

*

கடலூர்
9.9.2008

அன்புள்ள சாமிக்கு,

உன் கடிதத்தைப் படித்த பிறகு சண்டை போட்டு நாலு கடிதம் எழுதினேன், நாலையும் கிழித்துவிட்டேன். நேற்று ஜட்ஜ் அய்யாவிடம் நானே ஒப்புக்கொண்டேன். "துப்பாக்கி என்னுதுதான் அய்யா. எம் பொண்டாட்டிக்குத் தெரியாது. அவகிட்ட பொய் சொல்லிட்டேன்" என்றேன். கோர்ட்டில் எல்லோரும் கேட்டார்கள், நம் ஊர்க்காரர்களும் இருந்தார்கள். ஒரு வருசம் போட்டார். இருந்த நாளைக் கழித்தால் மார்ச்சில் வந்துவிடுவேன்.

சூடம் அணைத்த அன்றைக்கு உன் கையைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. தப்பு என்னுடையது சாமி. ஒரு வரி பதில் போடு.

உன் சக்கரவர்த்தி

*

மூங்கில்துறைப்பட்டு
15.10.2008

செவ்வந்தியின் அப்பாவுக்கு,

கடிதம் மலைக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தது. நீங்கள் கோர்ட்டில் சொன்னது நல்ல காரியம். ஊர்க்கவுண்டர் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார். நான் போகவில்லை. மலையை விட்டு இறங்கி இங்கே கரும்புக் காட்டில் களை எடுக்கிறேன். செவ்வந்தியை இங்கேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்துவிட்டேன், 'அ' போடுகிறாள்.

படித்தால் அழுகை வரும் என்று அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் பிரித்தேன். வரவில்லை. இன்னொரு தடவை படித்தேன். கோபமும் வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பது போல இருந்தது. இந்த வார்த்தை போன வருசம் வந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆகியிருக்கும்.

மார்ச்சில் நேராக ஊருக்குப் போங்கள். வீட்டுச் சாவி சாலம்மாளிடம் இருக்கிறது. பிள்ளையைப் பார்க்க எப்போது வேண்டுமானாலும் வரலாம், அவளும் உங்களைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். எனக்காக வர வேண்டாம்.

இப்படிக்கு,
செவ்வந்தியின் அம்மா