மெத்தையை நகர்த்தாதே

கோமளா,

கடைக்குப் போகிறேன். பருப்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. நான்கு மணிக்கு லிங்கம் பாட்டுக் கேட்க வருவார். தேத்தண்ணீர் மட்டும் கொடு, வீட்டுக் கதையெல்லாம் அவரிடம் சொல்லாதே.

முன்னறை மூலைகளில் நிற்கும் மெத்தையை ஒரு சாண்கூட நகர்த்தாதே. ஆமாம், துஷ்யந்தியின் மெத்தைதான். நேற்று நீ கோயிலுக்குப் போயிருந்தபோது இரண்டாக வெட்டிக் கட்டி நிறுத்தினேன். மைக் வைத்து ஸ்பீக்கர் சத்தத்தை அளந்ததில் ஐம்பது ஹெர்ட்ஸில் பேஸ் சத்தத்தின் கோடு திரையில் மலைபோல ஏறி நின்றது. ஈக்குவலைசரில் குறைத்துப் பார்த்தும் அறையின் அதிர்வு அடங்கவில்லை. அதை உறிஞ்ச மூலைக்குத் தடித்த பஞ்சு வேண்டியிருந்தது. மகள் போய் இரண்டு வருடமாக அது சும்மாதானே கிடந்தது?

"அவ வந்தா எங்கங்க படுப்பா?" என்று காலையில் அழுதாய். ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்துப் பையனைக் கட்டிக்கொண்டு போனவளுக்கு அங்கே ஒரு பாய் இருக்கும்.

வெளியே போனால் சாவியைப் பூச்சாடிக்கு அடியில் வை.

பி.கு.: பக்கத்து வீட்டில் சொல்வதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். நேற்று அவள் வந்தாள். நான் அளந்துகொண்டிருந்தபோது கதவைத் தட்டினாள். "அப்பா, நான்தாம்ப்பா. புள்ளய ஒருக்கா பாருங்கப்பா" என்றாள். குழந்தையும் அழுதது. மைக் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டதால் அந்த அளவு வீணாகிவிட்டது. நான் எழுந்து போகவில்லை. அவர்கள் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து மறுபடியும் அளந்தேன். இரண்டாவது கோடு சுத்தமாக வந்தது.