உப்புக்காற்றின் மேல் போட்ட பழி

2009 ஜூலை 14, செவ்வாய்

இன்று கம்ப்யூட்டர் கடையில் நின்று கத்தினேன். வெட்கமில்லை.

ஆல்பங்களைச் சுனாமி கொண்டுபோனது. எங்கள் படங்கள் மிஞ்சியிருப்பது என் கணவருடைய பழைய ஹார்ட் டிஸ்க்கில் மட்டும்தான். அதை வேறு கம்ப்யூட்டரோடு இணைக்கக் கடைக்காரர் கப்பலில் ஓர் அடாப்டர் வரவழைத்தார். ஏப்ரலில் கையை விரித்தார்.

"டிஸ்க் கதம், ஆன்ட்டி, செத்துப்போச்சு. டிரைவர் சாஃப்ட்வேர் நாலு தடவ போட்டுப் பாத்துட்டேன். உப்புக்காத்துல எதுதான் நிக்கும்?"

இந்தத் தீவில் எது நின்றுபோனாலும் உப்புக்காற்றுதான் குற்றவாளி. நானும் தலையாட்டிவிட்டு டிஸ்க்கோடு வீட்டுக்கு வந்தேன்.

இன்று வேறு வேலையாகப் போனபோது அந்த அடாப்டர் பெட்டி அங்கே கிடந்தது. உள்ளே பிரிக்காத உறையில் தனியாக ஒரு மின்வயர். கூடவே மடித்த தாள். முதலில் மின்சாரம் கொடுத்து, பிறகே கேபிளைச் செருக வேண்டும் என்று ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது.

"இதை ஏன் பிரிக்கல?"

"அடாப்டர்ல லைட் எரிஞ்சுதே ஆன்ட்டி. வயர் எக்ஸ்ட்ரானு நெனச்சேன்."

ஆட்டோவில் டெய்ரி ஃபார்ம் பகுதியிலிருக்கும் வீட்டுக்கு வந்து டிஸ்க்கை எடுத்துக்கொண்டு திரும்பினேன். மின்வயரைச் செருகியதும் டிஸ்க் சுழலும் சத்தம் கேட்டது. திரையில் எங்கள் கல்யாணப் படம்.

"அரே வா! உங்க லக், ஆன்ட்டி!"

லக்காம்! அப்போதுதான் கத்தினேன்.

அவர் அந்தத் தாளைப் படிக்கவில்லை. நான் தாள் இருக்கிறதா என்று கேட்கக்கூட இல்லை. பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போடக் கட்டிவைத்த மூட்டையை அவிழ்த்துத்தான் இன்று அந்த டிஸ்க்கை எடுத்தேன். மூட்டையைக் கட்டியது நான்.