எழுதாமல் விட்ட எண்ணிக்கை

மட்டாஞ்சேரி,
4.11.2025

அன்புள்ள சுல்ஃபத்,

நம் ரஃபீனாவுக்கு டெங்கு. நேற்று மாலை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) அறுபத்திரண்டாயிரம், ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டுமாம். இன்னும் இறங்கும், பிறகு ஏறும், பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர்.

ராஜஸ்தான் மணலில் செவ்வாய் கிரகம் மாதிரிக் கட்டிவைத்த கூட்டுக்குள் நூற்றிருபது நாள் இருக்கப் போனவளிடம் இதைச் சொல்லலாமா என்று காலையில் யோசித்தேன். மிளகுச் சரக்கில் ஈரம் இருந்தால் இருக்கிறது என்று சொல்லித்தான் விற்பவன் நான். பெற்றவளிடம் மறைப்பேனா?

பகலில் நம் குடோனில் சுக்குப் பொறுக்கும் ஆவுடையம்மாள் பிள்ளையோடு இருக்கிறாள். ராத்திரி நான். பிள்ளை கஞ்சி குடிக்கிறாள். "அத்தா, அம்மா வருமா?" என்று கேட்டாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஸலாமுடன்,
பரீத்

*

51ஆம் நாள்

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்கும் ஸலாம். உங்கள் கடிதம் கணினியில் வழக்கம்போல இருபது நிமிஷம் காத்திருந்துதான் எனக்கு வந்தது. செவ்வாயிலிருந்து பேசினால் அவ்வளவு நேரம் பிடிக்குமாம், அதனால் இங்கேயும் அப்படியே. அந்த இருபது நிமிஷமும் நான் கீரைப் பாத்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தலைவர் வெங்கிடராமன் சாரிடம் சொன்னேன். "கதவைத் தெறக்க நான் தடுக்க மாட்டேம்மா. ஆனா விண்வெளிக் கவசம் இல்லாம ஒருத்தர் வெளியே கால் வச்சா பரிசோதனை அந்த நிமிஷமே முடிஞ்சிடும், அதையும் சொல்லிடறேன்" என்றார். மற்ற நாலு பேரும் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டார்கள். காய்ந்த காய்கறியும் பொடிப்பாலும். அவர்களில் ஒருவர் தன் மனைவியின் பிரசவத்தைக்கூட விட்டு வந்திருக்கிறார்.

நீங்கள் கூட்டியும் சொல்ல மாட்டீர்கள், குறைத்தும் சொல்ல மாட்டீர்கள். ஆபத்து என்றால் "வா" என்று ஒரு வார்த்தை போதும். செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவேன். இல்லை என்றால் அதையும் சொல்லுங்கள்.

உங்கள்,
சுல்ஃபத்

*

மட்டாஞ்சேரி,
5.11.2025

அன்புள்ள சுல்ஃபத்,

இன்று காலை நாற்பத்தோராயிரம். ரத்தக்கசிவு எங்கும் இல்லை. ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

ஆவுடையம்மாள் என்னைத் திட்டுகிறாள். "மொதலாளி, வான்னு ஒரு வார்த்தை எழுதுங்களேன். எழுதினா கை தேஞ்சிருமா?" என்கிறாள். "ஆபத்தில்லைன்னு டாக்டர் சொல்லும்போது நான் எப்படிப் பொய் எழுதறது?" என்றேன். "அப்ப பொய் எழுத வேண்டாம், ஆசையை எழுதுங்க" என்று சொல்லிவிட்டுச் சாயா வாங்கப் போய்விட்டாள்.

முடிவு உன் கையில்.

பரீத்

*

52ஆம் நாள்

அன்புள்ள மச்சானுக்கு,

அல்ஹம்துலில்லாஹ். உங்கள் "ஆபத்தில்லை"யை இறுகப் பிடித்துக்கொண்டு இங்கேயே இருக்கிறேன்.

இன்று மண் எடுக்க வெளியே போனேன். கவசம் மாட்டவே முக்கால் மணி நேரம். ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் பீடி குடித்துக்கொண்டே எங்களைக் கடந்து போனார். செவ்வாயில் ஆடு கிடையாது என்பதால் நாங்கள் பார்க்காத மாதிரி நின்றோம். அவர் சுவாசிக்கிற அதே காற்றில் தலைக்கவசத்துக்குள் நின்று நான் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை உள்ளே போகாது.

ரஃபீனாவுக்கு மலையாள எழுத்துதான் ஓடும், என் தமிழைத் தடவித்தான் படிப்பாள். நீங்களே படித்துக் காட்டுங்கள். அம்மா போட்ட கீரை நாலு இலை விட்டிருக்கிறது என்று சொல்லுங்கள். நாளைய எண்ணிக்கையை உடனே எழுதுங்கள்.

சுல்ஃபத்

*

மட்டாஞ்சேரி,
16.11.2025

சுல்ஃபத்துக்கு,

பதினொரு நாள் நீ எழுதிய எதற்கும் "பரவாயில்லை" என்பதற்கு மேல் நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பிள்ளை பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது.

6ஆம் தேதி இருபத்தெட்டாயிரம். ஐசியூவில் வைத்தார்கள். இரண்டு நாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்த எண்ணிக்கையை உனக்கு எழுதவில்லை.

5ஆம் தேதிவரை நான் சொன்ன அளவு சரிதான். அந்த அளவைப் பார்க்காமல் நீயாகவே வந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், அதனால்தான் மற்றதை எழுதவில்லை. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரிகிறது.

அவள் இப்போது "அம்மா வருமா" என்று கேட்பதில்லை. பார்க்க வந்த டீச்சரிடம், அம்மா செவ்வாயில் இருக்கிறது, அங்கிருந்து வண்டி இல்லை என்று சொல்லியிருக்கிறாள்.

அங்கே வேலை முடிந்ததும் நீ பாலக்காட்டில் உன் அண்ணன் வீட்டுக்குப் போ. இங்கே வர வேண்டாம்.

பரீத்

*

ஜெய்சல்மேர்,
17.11.2025

மச்சானுக்கு,

இதை ரயில் நிலையத்தில் இருந்து எழுதுகிறேன். நேற்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் கதவைத் திறந்துகொண்டு வெறுங்காலோடு வெளியே வந்துவிட்டேன். ஐந்து பேருடைய இரண்டு மாதம் அதோடு போயிற்று. வெங்கிடராமன் சார்தான் என் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் வந்தார். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானே தெறந்து விட்டிருப்பேனே" என்றார்.

முன்னதாகத் தெரியவிடாமல் செய்தது யார்? ஊரில் எவனோ வாங்குகிற மிளகில்கூட ஈரத்தை ஒளிக்காத மனுஷன் நீங்கள், என் பிள்ளையின் ரத்தத்தை என்னிடம் ஒளித்தீர்கள். "வா" என்று எழுதவும் இல்லை, இருபத்தெட்டாயிரம் என்று எழுதவும் இல்லை. நான் தோற்கிறேனா என்று பார்த்துக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றீர்கள். உங்கள் வாயை நம்பி உட்கார்ந்தேன். அந்த நம்பிக்கையைத்தான் இப்போது குற்றம் என்கிறீர்கள்.

வர வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை கிடையாது. வருகிறேன்.

சுல்ஃபத்

*

மட்டாஞ்சேரி,
2.12.2025

சுல்ஃபத்துக்கு,

அன்று நீ வாசலில் நின்றபோது ரஃபீனா ஓடி வரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்கிற மாதிரி "உக்காருங்க" என்றாள். உன்னை அவள் "ங்க" போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. உன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

ஒளித்தது என் தப்பு. உன் அண்ணன் முன்னால் சொன்னதை எழுத்திலும் சொல்கிறேன். ஆனாலும் ஒரே வீட்டில் உன்னோடு உட்கார்ந்து சோறு தின்ன இப்போது என்னால் முடியாது. உனக்கும் முடியாது என்று நீயே சொன்னாய்.

பேசி முடித்தது இது. இந்தப் பள்ளி ஆண்டு முடியும்வரை ரஃபீனா மட்டாஞ்சேரியில். ஒன்றுவிட்டு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவளைப் பாலக்காட்டுக்கு உன்னிடம் கூட்டி வருவேன், ஞாயிறு மாலை நீ கொண்டுவந்து விட வேண்டும். தலாக் பேச்சை மார்ச் மாதம்வரை யாரும் எடுக்கக் கூடாது. கூட்டுக்குள் இருந்ததைப் பற்றி நானும், ஐசியூவைப் பற்றி நீயும் பிள்ளை முன்னால் வாய் திறக்கக் கூடாது. அவளுக்கு உடம்புக்கு வந்தால், யாரிடம் இருக்கிறாளோ அவர் அந்த நிமிஷமே முழு எண்ணிக்கையையும் மற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும். மற்றவர் ஆபத்தா என்று கேட்காமல் கிளம்பி வர வேண்டும்.

பரீத்